ஆறடி தள்ளி ஒரு மைக்

அவர் வீட்டில் மைக்குகளுக்குத் தனி அலமாரி இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட தேக்கு அலமாரி. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் பீங்கான் பொம்மைகளோ பிள்ளைகள் வாங்கிய கோப்பைகளோ இருக்கும். இங்கே சட்டையில் குத்துகிற மைக், மேசையில் நிற்கிற மைக், துப்பாக்கி மாதிரி நீண்ட மைக், கமண்டலம் மாதிரி குண்டு மைக் என்று வரிசையாக நின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ஏழு. விலகிய அன்று பதினொன்று. ஒரே ஒரு நாள் தவிர, அந்தப் பதினொன்றில் ஒன்றுகூட அவர் குரலை ஒழுங்காகப் பிடித்ததில்லை. மைக்குகளைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் எதன் பக்கத்திலும் போனதில்லை.

எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே. கோயமுத்தூர் வடவள்ளியில் பெரிய வீடு. மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை. அதை மகனிடம் கொடுத்துவிட்டு, ஐம்பத்தெட்டாவது வயதில், இளைஞர்களை வெற்றி பெறச் செய்வது என்று யூடியூபில் இறங்கியிருந்தார். "நான் பூஜ்யத்துல இருந்து வந்தவன்" என்றுதான் ஒவ்வொரு வீடியோவும் தொடங்கும். அந்தப் பூஜ்யத்தில் அவர் அப்பா வைத்துவிட்டுப் போன பட்டறையும், பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பும் இருந்தன. வீடியோவில் அவை வராது. வெட்டி ஒட்டும் வேலை என்னுடையது என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். நான் வெட்டவில்லை. அவர் சொல்லவில்லை.

நான் அப்போது இயற்பியல் படித்து, பி.எட். முடித்து, வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். தொண்டாமுத்தூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் பாக்குத் தோப்பில் கூலி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவள் மட்டுமல்ல, பள்ளிக்கூடத்துக்குள் ஒழுங்காகப் போனவளே நான்தான். போனிலேயே வீடியோ எடிட்டிங் கற்றிருந்தேன். கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லி இந்த வேலை கிடைத்தது.

காலை பத்து மணிக்குப் பதிவு. ஒன்பதே முக்காலுக்கு வீட்டில் ஊரடங்கு தொடங்கும். சார் ஒரு பித்தளை மணியை அடிப்பார். உடனே மின்விசிறிகள் நிற்கும். குக்கர் எத்தனை விசிலில் இருந்தாலும் அடுப்பிலிருந்து இறங்கும். துணி துவைக்கும் இயந்திரம் பாதி சுற்றில் நின்று, நனைந்த வேட்டிகளோடு மௌனம் காக்கும். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது என்று அதையும் பிடுங்கிவிடுவார். ஒருமுறை திரும்பச் செருக மறந்துபோனார். மறுநாள் மீன் நாற்றத்தில் வீடே மூக்கைப் பிடித்தது. "கரண்ட் ஆபீஸ்காரன் வோல்டேஜ் சரியாக் குடுக்கறதில்ல" என்றார் சார்.

அவர் மனைவியை நான் அம்மா என்று கூப்பிடுவேன். முகத்தில் சிரிப்பைக் காட்டாமல் பேசத் தெரிந்தவர். மணி அடித்ததும் கையில் கரண்டியோடு கூடத்து வாசலில் வந்து நின்று கேட்பார்.

"ஏனுங்க, மூச்சு வுடலாமுங்களா, இல்ல அதையும் பன்னண்டு மணிக்கு மேல வெச்சுக்கறதுங்களா?"

"இவளுக்கு எப்பவும் வெளையாட்டு" என்று என்னிடம் சொல்வார் சார். "சவுண்டுன்னா என்னன்னு தெரியாது."

இவ்வளவு செய்தும் சத்தம் வரும். வடவள்ளியில் காக்கைக்கு நிகராக மயில் உண்டு. ஆனி, ஆடி வந்தால் பாலக்காட்டுக் காற்று சன்னலைப் பிடித்து உலுக்கும். காய்கறி வண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளியைப் பாடிக்கொண்டு வருவார். ஒருநாள் சார் விரலை நீட்டி, "இளைஞனே, உன்னைத் தடுப்பது யார்?" என்று கேட்டு நிறுத்தினார். வெளியே மயில் அகவியது. அவர் வீடியோக்களில் கேள்விக்குப் பதில் வந்தது அந்த ஒன்றில் மட்டும்தான். அதை வெட்ட எனக்கு மனசே வரவில்லை. அவர் பார்த்துவிட்டார். வெட்டினேன்.

உண்மையில் மயில் குற்றவாளி இல்லை. விஷயம் ரொம்பச் சின்னது. மைக் படத்தில் தெரிந்தால் மரியாதைக் குறைவு என்று அவர் எண்ணினார். அதனால் கேமராவுக்குப் பின்னால், ஆறடி தள்ளி, அதை நிறுத்துவார். ஆறடியிலிருந்து குரல் சன்னமாகத்தான் வரும். உடனே எவ்வளவு சத்தத்தை உள்ளே இழுப்பது என்று தீர்மானிக்கிற குமிழை முழுக்கத் திருகிவிடுவார். மைக் பாகுபாடு பார்க்காது. சார் குரலை இழுக்கும்போது மயிலையும் காற்றையும் தக்காளியையும் சேர்த்தே இழுக்கும். பிறகு இரைச்சலை நீக்கும் மென்பொருளைப் போட்டுத் தேய்க்கச் சொல்வார். தேய்த்தால் மயிலோடு சேர்ந்து அவர் குரலின் பாதியும் போய்விடும். மிச்சம், தண்ணீருக்கடியில் ஒருவர் வாழ்க்கையில் முன்னேறச் சொல்வது போலிருக்கும்.

வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக்கை வைத்து, குமிழைக் குறைத்தால் போதும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், படித்தேன்.

ஒவ்வொரு மைக் பெட்டியிலும் மடித்த தாள் ஒன்று வரும். சார் முதலில் தூக்கிப்போடுவது அதைத்தான். "இதெல்லாம் தெரியாதவங்களுக்கு" என்பார். குப்பைக் கூடையிலிருந்து அதை எடுத்து நான் பையில் வைத்துக்கொள்வேன். எங்கள் வீட்டில் மருந்துச் சீட்டு, கரண்ட் ரசீது, ரேஷன் கடை அறிவிப்பு, பஞ்சாயத்து நோட்டீஸ் எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்து படித்துச் சொன்னவள் நான். ஒரு தாளைப் படிக்காமல் விட்டதால் அப்பாவுக்கு ஒரு வருடம் நூறு நாள் வேலை அட்டை கிடைக்காமல் போயிருக்கிறது. அச்சடித்த எதையும் படிக்காமல் எறிய எனக்குக் கை வராது. மூன்று தலைமுறையாகப் படித்த வீட்டில் அது எறியப்படுவதைப் பார்க்கும்போது, வசதி என்பது இதுதானோ என்று தோன்றும்.

குண்டு மைக் வந்தபோது ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். அந்த வகை மைக்கை நிமிர்த்தி நிறுத்தி, பெயர் பொறித்த பக்கவாட்டைப் பார்த்துப் பேச வேண்டும். தாளில் படமே போட்டிருந்தார்கள். சாரோ அதைப் படுக்க வைத்து, டார்ச் லைட் மாதிரி உச்சந்தலையைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"சார், இந்த மைக்குக்குக் காது பக்கத்துல இருக்குதுங்க. நிமித்தி வெச்சா..."

சிரித்தார். கோபமெல்லாம் வராது அவருக்கு.

"அம்மணி, நீ புஸ்தகம் படிச்சவ. நாங்க அனுபவப்பட்டவங்க. எத்தன கல்யாணம், எத்தன எலக்சன் மைக்கப் பார்த்திருக்கறோம்! மைக்குன்னா மண்டையிலதான் பேசோணும்."

சில நாள் கழித்து, பதிவுக்கு நடுவே அவர் சட்டை மாற்றப் போன நேரத்தில், மைக்கை நிமிர்த்தி, மேசைக்குக் கொண்டுவந்து, பூச்சாடிக்குப் பின்னால் மறைத்து வைத்துக் குமிழைப் பாதிக்குக் கீழே குறைத்தேன். அவர் கவனிக்கவில்லை. அன்று மாலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டார். குரல் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி இருந்தது. அவர் கண் கலங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

"பார்த்தியா அம்மணி! நேத்து கேபிள் மாத்துனேன்ல? அதுதான்!"

நான் வாய் திறப்பதற்குள் அவர் அடுத்த வீடியோவுக்குத் தலைப்பே யோசித்துவிட்டார். "ஒரு கேபிள் எனக்குச் சொன்ன பாடம்." சின்னக் குறையைச் சரிசெய்தால் வாழ்க்கை மாறும் என்று பதினெட்டு நிமிடம் பேசினார். மைக் மறுபடி ஆறடி தள்ளி, மல்லாந்து படுத்திருந்தது. எங்கள் சேனலிலேயே சத்தம் படுமோசமாக வந்த வீடியோ அதுதான்.

ஏன் யாரும் அவரிடம் சொல்லவில்லை என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராகக் குறை சொல்வது, வீட்டுக்கு விருந்தாக வந்த ஒறம்பரையைச் சாப்பாடு போடாமல் அனுப்புவதற்குச் சமம். சனிக்கிழமை தோறும் சார் பட்டறைக்குப் போய், லேத் ஓடுகிற சத்தத்தில் ஆட்களிடம் கேட்பார்.

"நேத்து வீடியோ பார்த்தீங்களாப்பா? சவுண்டு எப்படி?"

"அருமைங்க."

"கிளியரா இருக்குதா?"

"சும்மா கணீர்னு இருக்குதுங்க."

சம்பளம் கொடுக்கிறவர் கேட்டால் வேறென்ன சொல்வார்கள்? தம்பி முறைக்காரர்கள் சொன்னார்கள், சம்பந்தி சொன்னார், வங்கி மேனேஜர் சொன்னார். நானும் விலக்கல்ல. மாதத்துக்கு இருபது தடவை "நல்லா இருக்குதுங்க சார்" என்றிருக்கிறேன். மரியாதையிலேயே ஒரு மனிதரை இப்படிக் கெடுத்துவிட முடியும் என்பதை அந்த வீட்டில்தான் பார்த்தேன். சேனலில் உண்மை பேசிய ஒரே ஆள், அந்தியூரிலிருந்து எழுதிய யாரோ ஒருவர். "ஐயா, அண்டாவுக்குள்ள உக்காந்து பேசறீங்களா?" என்று கேட்டிருந்தார். சார் அவரைத் தடை செய்துவிட்டார். மறுநாள் கூடத்துச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்ட ஆள் வந்தது.

எதிரொலியை முட்டை அட்டை குடித்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பளிங்குத் தரை, கண்ணாடிச் சன்னல், இரண்டு மாடி உயரக் கூரை. அதற்கு முட்டை அட்டை! எதிரொலி அப்படியே இருந்தது. பல்லிகளுக்குத்தான் நல்ல காலம். ஒவ்வொரு குழிக்கும் ஒன்று என்று குடியேறின. "வாடகைக்கு வுட்டிருந்தா வருமானமாவது வந்திருக்கும்" என்றார் அம்மா. பல்லி கத்துவதும் பதிவில் விழுந்தது.

கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும். தேர்வுக்கு லீவு கேட்டால் மறுக்கமாட்டார். மகனின் பழைய மடிக்கணினியை "எடுத்துக்கோ அம்மணி" என்று கொடுத்தார். அதே மனிதர் வீட்டில் நாலு மணிக் காப்பி எல்லோருக்கும் வெள்ளித் தம்ளரில் வரும். எனக்குப் பேப்பர் கப்பில் வரும். "சுத்தத்துக்குத்தான் அம்மணி, இப்ப காலம் அப்படி" என்று நான் கேட்காமலே ஒருநாள் விளக்கம் கொடுத்தார். கேட்காத கேள்விக்கு ஏன் பதில் வந்தது என்று இருவருக்கும் தெரியும்.

ஒருமுறை மழை நாளில் அப்பா என்னை வண்டியில் கூட்டிப்போக வந்தார். கேட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார். சார் மாடியிலிருந்து எட்டிப்பார்த்து, "அம்மணி, உன்ற அப்பன் வந்திருக்கறான் பாரு" என்றார். அந்த வீட்டில் நாயைக்கூட "வாங்க, சாப்புடுங்க" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா தலையைத் துடைத்துக்கொண்டே, "சாரு நல்ல மனுசனாட்டிருக்குது" என்றார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

அந்த வைகாசியில் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனம் இயற்பியல் ஆசிரியை தேடியது. வீட்டிலிருந்தே வகுப்பு. பத்து நிமிட மாதிரிப் பாடம் ஒன்றைப் பதிவு செய்து திங்கள் காலைக்குள் அனுப்ப வேண்டும். முகம் தேவையில்லை. பலகைப் படமும் குரலும் போதும். "குரல் தெளிவாக இல்லாத பதிவுகள் பார்க்கப்படமாட்டா" என்று அறிவிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. இது தவறினால் அடுத்த மாதம் திருப்பூர் பனியன் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போவதாக வீட்டில் பேச்சு. மாமா சொல்லி வைத்திருந்தார். பேக்கிங் கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. பதினேழு வருடம் படித்துவிட்டு, டீச்சர் என்று ஒருவர்கூட என்னைக் கூப்பிடாமல் போய்விடக் கூடாது என்றிருந்தேன்.

சாரிடம் சனிக்கிழமை லீவு கேட்டேன். காரணத்தைச் சொன்னதுதான் தப்பு.

"எதுக்கு லீவு? நம்ம ஸ்டுடியோ எதுக்கு இருக்குது? பதினோரு மைக்கு இருக்குது. நானே எடுத்துத் தாரேன்!"

"வேண்டாமுங்க சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"ஒண்ணும் பேசாத. உன்ற வாழ்க்கைப் பிரச்சனை அம்மணி இது."

சரியாகத்தான் சொன்னார்.

சனிக்கிழமை மணி அடித்தது. விசிறி நின்றது. ஆறடி தள்ளி மைக் படுத்திருந்தது. "கிட்ட வெச்சுக்கறேனுங்களே" என்றேன். "தொடாத, செட்டிங் போயிரும்" என்றார். மிதப்பு விசையைப் பாடமாக எடுத்திருந்தேன். கிணற்றில் வாளி தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக இருக்கும், வெளியே வந்ததும் கையை இழுக்கும், ஏன்? இதுதான் என் தொடக்கம்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கையைத் தூக்கி நிறுத்தினார்.

"கெணறு, வாளியெல்லாம் வேண்டாம். கம்பெனிக்காரங்க பட்டணத்துக்காரங்க. 'பாருங்க, இழுங்க'ன்னு ஊர்ப்பேச்சும் வேண்டாம். நீச்சல் குளம்னு மாத்திக்கோ. 'மாணவச் செல்வங்களே'ன்னு ஆரம்பி."

மாற்றிக்கொண்டேன். நான் நீச்சல் குளத்தில் இறங்கியதில்லை. மாணவச் செல்வங்கள் என்று யாரும் என்னைக் கூப்பிட்டதும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பேசும்போது, எனக்கே நான் யாரோ போலிருந்தது.

முடித்ததும் அவர் கேமரா முன்னால் போய் உட்கார்ந்தார்.

"எதுக்குங்க சார்?"

"முன்னுரை. உன்னைய அறிமுகம் பண்ணோணுமில்ல?"

பூஜ்யத்திலிருந்து தொடங்கினார். இரண்டே முக்கால் நிமிடம். நான் அதில் கடைசி வாக்கியத்தில் வந்தேன், "நமது மாணவி" என்று, பெயர் இல்லாமல். அதைப் பாடத்துக்கு முன்னால் ஒட்டச் சொன்னார். பத்து நிமிடத்தைத் தாண்டும் என்றேன். "அப்ப பாடத்துல கொஞ்சம் வெட்டிப்போடு" என்றார்.

பென் டிரைவில் வாங்கிக்கொண்டேன். அவரே அனுப்புகிறேன் என்று நின்றவரை, நிறுவனத்துக்காரர்கள் என் முகவரியிலிருந்து வந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லித் தடுத்தேன். அறிவிப்பு வாசகம் அது. நான் படித்திருந்தேன். அவர் படித்திருக்கவில்லை.

பஸ்ஸில் மடிக்கணினியில் போட்டுக் கேட்டேன். சாரின் மாணவி தண்ணீருக்கடியில் மிதப்பு விசை நடத்திக்கொண்டிருந்தாள். 'விசை' என்பதில் 'சை' இல்லை. 'அடர்த்தி' பளிங்குத் தரையில் மோதி இரண்டு தரம் வந்தது. தொண்டாமுத்தூர் வருவதற்குள் அதை அழித்துவிட்டேன்.

ஞாயிறு மதியம். எங்கள் வீடு அரசு கட்டிக்கொடுத்தது. ஒரே அறை, மூலையில் அடுப்பு. குறுக்கே இரண்டு கொடிக்கயிறு. வீட்டில் இருக்கும் அத்தனை துணியும் அதில்தான். சுவரோரம் சுருட்டிய பாய்கள், போர்வைகள், தலையணைகள், ரேஷன் அரிசி மூட்டை. நடுவில் நின்று கையைத் தட்டிப் பார்த்தேன். சத்தம் போன இடம் தெரியவில்லை. சாரின் கூடத்தில் தட்டினால் மாடியில் யாரோ பதிலுக்குத் தட்டுவது போலிருக்கும். எங்கள் வீட்டில் எதிரொலிக்க இடமில்லை. தோழிகள் வந்தால் அந்தக் கொடித்துணியை அவசர அவசரமாக அள்ளி ஒளிப்பதே இத்தனை வருடம் என் வேலையாக இருந்தது. அன்று டிரங்குப் பெட்டியில் இருந்த அம்மாவின் சேலைகளையும் எடுத்து அதன்மேல் போட்டேன். மூன்று பக்கமும் துணி. நடுவில் நான். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய இயர்போன், அதன் வயரில் அரிசி அளவு மைக். வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக இல்லாமல் கொஞ்சம் ஓரமாக, தொங்கிய சேலையில் ஊக்கு போட்டுக் குத்தினேன். நேராக வைத்தால் 'ப' சொல்லும்போது காற்று 'பட்' என்று அறையும். தாளில் இருந்தது.

அப்பாவுக்குத் தோப்புத் தூசியில் வந்த இருமல். நான் எதுவும் சொல்லாமலே எழுந்து, "நான் தண்ணி டேங்குப் பக்கம் போயிர்றேன் கண்ணு" என்று நடந்தார். அம்மா பக்கத்து வீட்டு டி.வி.யைக் குறைக்கச் சொல்லிவிட்டு, கையில் ஒரு விறகோடு வாசலில் நின்றார்.

"அது எதுக்கும்மா?"

"மயிலு வந்தா? நீ நடத்து. ஒண்ணுகூட இன்னிக்கி வாயத் தொறக்காது, நாஞ் சொல்லிப்போட்டேன்."

வாளி கிணற்றுக்குள் இறங்கியது. "இழுத்துப் பாருங்க, லேசா இருக்குதுங்களா?" என்றேன். எதிரே பிள்ளைகள் இருப்பது போலவே இருந்தது. ஒரே மூச்சில் ஒன்பதரை நிமிடம். வெட்ட ஒன்றுமில்லை. அனுப்பிவிட்டு வெளியே வந்தபோது, அம்மா விறகை ஓங்கியபடியே கிசுகிசுத்தார்.

"முடிஞ்சுதா கண்ணு? பேசலாமா?"

பத்து நாளில் வேலை உறுதியானது. சாரிடம் இனிப்புப் பெட்டியோடு போய்ச் சொல்லிவிட்டு விலகினேன். அவர் உண்மையிலேயே மகிழ்ந்தார். எங்கே பதிவு செய்தேன் என்று நான் சொல்லவில்லை. வழக்கமான மரியாதை.

ஒரு மாதம் கழித்து நிறுவனம் அந்த மாதிரிப் பாடத்தைத் தன் பக்கத்தில் வெளியிட்டது. அன்றே சார் கூப்பிட்டார். குரல் தூரத்திலிருந்து வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டுக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார் என்று புரிந்தது.

"அம்மணி! கேட்டேன். கணீர்னு இருக்குது. நம்ம மைக்கு என்ன வேலை செஞ்சிருக்குது பார்த்தியா! நம்ம சேனல்லயும் போட்டுட்டேன், 'நமது ஸ்டுடியோ தயாரிப்பு'ன்னு. ஆனா ஒரு வருத்தம். என்ற முன்னுரைய வெட்டிப்போட்டாங்க. நீச்சல் குளத்தையும் எவனோ கெணறா மாத்தியிருக்கறான். நீ சும்மா இருக்காத. ரெண்டையும் திருப்பிப் போடச் சொல்லி எழுதிக் கேளு."

"ஆமாங்க சார்" நுனி நாக்கு வரை வந்துவிட்டது. இருபத்து மூன்று வருடப் பழக்கம். அதை விழுங்கினேன்.

"சார், அது உங்க ஊட்டுல எடுத்ததில்லீங்க. அத அன்னிக்கே அழிச்சுப்போட்டேன். இது எங்க ஊட்டுல, எங்கம்மா சேலைக்கு நடுவுல, இயர்போன்ல நானே எடுத்ததுங்க. உங்க சேனல்ல இருந்து எடுத்துருங்க சார்."

என் குரல் அந்தப் பக்கம் போய், பளிங்கில் மோதி, முட்டை அட்டைகளைத் தாண்டி, மாடி வரை ஏறித் திரும்பி என் காதுக்கே வந்தது. "எங்க ஊட்டுல... நானே எடுத்ததுங்க..." ஒரு சொல் சிதையவில்லை. சாரின் காலடிச் சத்தம் நின்றது.

"என்ன சொன்ன? ஒண்ணுமே கேக்கலையே அம்மணி" என்றார்.

அவருக்குப் பின்னால், சமையலறைப் பக்கமிருந்து, அந்த வீட்டு அம்மாவின் குரல் வந்தது.

"எனக்கு நல்லாவே கேட்டுதுங்க."